இருபது சிலிண்டர் என்ஜின்கள்

அமெரிக்காவின் ரயில் ரசிகர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யூனியன் பசிபிக் போன்ற ராட்சதக் கம்பெனிகளைப் பற்றி மரியாதையோடு பேசுவார்கள். பேச்சில் பாசம் வருவது நடுத்தரக் கம்பெனிகளின் பெயரைச் சொல்லும்போதுதான். அங்கே தண்டவாளமே தனியார் சொத்து. உச்சியில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய கம்பெனிகள். அடியில் ஓர் ஆலை, ஒரு துறைமுகம் என்று நின்றுவிடும் நூற்றுக்கணக்கான குட்டிக் கம்பெனிகள். இரண்டுக்கும் நடுவே, ஒரு மாநிலத்தையோ இரண்டு மூன்று மாநிலங்களையோ தன் வட்டாரமாகக் கொண்டு சரக்கு ஓட்டுபவைதான் பிராந்திய ரயில்வேக்கள். அவற்றில் இன்றுவரை ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பெயர், விஸ்கான்சின் சென்ட்ரல். என் நெஞ்சிலும் அதுதான்.

அந்தக் கம்பெனி பிறந்ததற்கு ஒரு சட்டமும் ஒரு கடனும் காரணம். 1970களில் அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் வரிசையாக நொடித்தன. ராக் ஐலண்ட் என்ற பழம்பெரும் கம்பெனி 1980ல் மூடியே விட்டது. அதே ஆண்டு ஸ்டாகர்ஸ் சட்டம் வந்து, கட்டணம் வைக்கவும் லாபமில்லாத பாதைகளைக் கைகழுவவும் கம்பெனிகளுக்குச் சுதந்திரம் தந்தது. சூ லைன் என்ற கம்பெனி 1985ல், திவாலாகிக் கிடந்த மில்வாக்கி ரோடை வாங்கியது. வாங்கிய கடன் கழுத்தை நெரிக்க, 1987ல் தன் சொந்தப் பழைய பாதைகளையே விற்றது. கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். வாங்கியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே பாதையில் ஓடிய கம்பெனியின் பெயரையே மறுபடி சூட்டினார்கள். தலைமையில் எட் பர்க்ஹார்ட்.

புது என்ஜின் வாங்கக் கையில் காசில்லை. அப்போது பெரிய கம்பெனிகள் எஸ்டி-45 என்ற என்ஜினை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. இருபது சிலிண்டர், 3,600 குதிரைத்திறன். பதினாறு சிலிண்டர் என்ஜின்களைவிட டீசலை அதிகம் குடிக்கும். ஆரம்பகாலத்தில் கிராங்க் ஷாஃப்ட் உடைகிற பெயரும் வாங்கியிருந்தது. மலிவாகக் கிடைத்தவற்றை விஸ்கான்சின் சென்ட்ரல் மொத்தமாக வாரிக்கொண்டது. வடக்கு ஃபாண்ட் டு லாக் பணிமனையில் பிரித்துப் பூட்டி, மெரூனும் பொன்னிறமும் பூசி, காகித ஆலைகளின் சரக்குக்கு அனுப்பியது.

பைரன் ஹில் என்ற ஏற்றத்தில் அந்த என்ஜின்கள் ஏறும் பழைய வீடியோக்களை ஒருமுறையாவது ஹெட்போன் மாட்டிக் கேட்க வேண்டும். முதலில் வண்டி கண்ணில் படாது. தரைக்கடியிலிருந்து வருவது போன்ற ஒரு துடிப்பு மட்டும். வளைவு திரும்பியதும் மெரூன் முகம், பின்பக்கம் இரு மருங்கிலும் வெளிப்புறமாக விரிந்த ரேடியேட்டர், ஒன்றின் பின் ஒன்றாக மூன்று நான்கு என்ஜின்கள். அருகே வந்ததும் அந்தத் துடிப்பு நெஞ்செலும்பில் இடிக்கும். நம் ஊர் டபிள்யூடிபி-4 என்ஜினின் உறுமலைப் பிளாட்பாரத்தில் நின்று ரசித்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. இரண்டும் ஈஎம்டி என்ற என்ஜின் கம்பெனியின் குடும்பத்து வாரிசுகள்தாம்.

வாடிக்கையாளரைத் தேடிப் போய்ச் சரக்குப் பிடித்த இந்தக் கம்பெனி வேகமாக வளர்ந்தது. 1993ல் நியூசிலாந்து ரயில்வேயை வாங்கிய கூட்டணியில் இருந்தது. 1996ல் பிரிட்டனின் சரக்கு ரயில் தொழிலின் பெரும்பகுதி அதன் தலைமையிலான கூட்டணியின் கைக்கு வர, அங்கேயும் மெரூனும் பொன்னிறமும் ஓடின. காகிதத்திற்கு வண்டி விட்ட ஒரு வட்டாரக் கம்பெனி கடல் தாண்டியது கண்டு ரசிகர்கள் பூரித்ததில் வியப்பில்லை.

அதே 1996ல், மார்ச் 4 விடியற்காலையில், வையாவீகா என்ற சிற்றூரில் அதன் சரக்கு ரயில் தடம் புரண்டது. புரொப்பேன் டேங்கர்கள் தீப்பிடித்தன. ஊரே காலி செய்யப்பட்டது. சுமார் 2,300 பேர் இரண்டு வாரங்களுக்கும் மேல் வீடு திரும்ப முடியவில்லை. அவசரத்தில் விட்டுவந்த நாய், பூனைகளை மீட்கத் தேசியக் காவற்படையின் கவச வண்டிகள் போயின. உயிரிழப்பு இல்லை. விசாரணையில், பாதை மாற்றும் பாயிண்ட் தண்டவாளத்தின் போல்ட் துளையில் இருந்த விரிசலை யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்தது. பாதையைச் சோதிக்கும் ஊழியர்களுக்கு நிர்வாகம் ஒழுங்காகப் பயிற்சி தரவில்லை என்றும் அறிக்கை சொன்னது.

பர்க்ஹார்ட் 1999ல் வெளியேறினார். 2001ல் கனேடியன் நேஷனல் என்ற ரயில்வே விஸ்கான்சின் சென்ட்ரலையே விழுங்கியது. பர்க்ஹார்ட் ஓயவில்லை. 2003ல், மெய்ன் மாநிலத்திலும் கியூபெக்கிலும் நொடித்துக் கிடந்த பாதைகளை வாங்கி, மான்ட்ரியல் மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்ற இன்னொரு பிராந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். அதுவும் பழைய என்ஜின்கள், குறைந்த ஆட்கள் என்றே ஓடியது.

2013 ஜூலை 5 இரவு, 72 டேங்கர் கச்சா எண்ணெயோடு வந்த அந்தக் கம்பெனியின் வண்டியை, கியூபெக்கின் நான்ட் என்ற ஊரில் சரிவின் தலைமாட்டில் ஓட்டுநர் நிறுத்தினார். வண்டியில் இருந்த ஊழியர் அவர் ஒருவர்தான். ஏழு கைபிரேக் போட்டுவிட்டு விடுதிக்குப் போனார். முன் என்ஜின் தீப்பிடித்தது. 2012 அக்டோபரில் அதன் உட்பாகம் ஒன்றை எபாக்சி போன்ற பசையால் ஒப்பேற்றியிருந்தார்கள். தீயணைப்பு வீரர்கள் நெருப்பை அணைத்து என்ஜினையும் நிறுத்த, ஏர் பிரேக்கின் காற்று மெல்ல இறங்கியது. நள்ளிரவு தாண்டி வண்டி தானாக உருண்டது. பதினோரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி, லாக் மெகான்டிக் ஊரின் நடுவில் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். குறைந்தது 17 கைபிரேக் வேண்டியிருக்கும் என்று விசாரணை அறிக்கை கணக்கிட்டது. பலவீனமான பாதுகாப்புப் பண்பாடு, போதாத பயிற்சி, அரசு மேற்பார்வையின் ஓட்டை என்று அது 18 காரணங்களைப் பட்டியலிட்டது. குற்றம் சாட்டி நிறுத்தப்பட்ட மூன்று ஊழியர்களும் 2018ல் விடுதலையானார்கள்.

இதற்கெல்லாம் ஒரே மனிதர்மேல் பழி போடும் தகுதி எனக்கு இல்லை. எல்லாப் பழைய என்ஜினும் ஆபத்து என்றும் சொல்லமாட்டேன்; ஃபாண்ட் டு லாக் மெக்கானிக்குகள் ஊர் ஒதுக்கிய என்ஜின்களைப் பல ஆண்டு உழைக்க வைத்தார்கள். ஆனால் சிறிய கம்பெனிகளில் ரசிகர்களாகிய நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. கழித்துக்கட்டிய என்ஜின், குறைந்த ஆட்கள், கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் சாமர்த்தியம். படம் எடுக்க அழகான அந்தச் சிக்கனத்தில் எது மெக்கானிக்கின் திறமை, எது வெட்டப்பட்ட பயிற்சி என்பதை வேலியோரம் நிற்கும் கேமரா காட்டாது. விபத்து அறிக்கைகளையும் படிக்காமல் எந்த ரயில்வேயையும் பிடித்தது என்று இப்போது நான் சொல்வதில்லை.

செத்த ராக் ஐலண்டின் பாதையில் 1984 முதல் ஓடும் அயோவா இன்டர்ஸ்டேட்டும் பழைய என்ஜின்களில் வளர்ந்த கம்பெனிதான். 2008ல் அது ஜிஇ கம்பெனியிடம் புத்தம்புதிய ஈஎஸ்44ஏசி என்ஜின்களை வாங்கியது. பழசின் ருசி போயிற்றே என்று வருந்திய ரசிகர்கள் இருப்பார்கள். எனக்கு அந்தக் கம்பெனியைப் பிடிக்க அந்தக் கொள்முதலே முதல் காரணம்.