சுவருக்குள் போன வயர்



மிக்ஸியில் கோளாறு, திருப்பிக் கொடுங்கள் என்று கம்பெனி சொன்னால் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம். சுவருக்குள் ஓடும் வயரைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

ஆஸ்திரேலியாவில் கேட்டார்கள். இன்ஃபினிட்டி, ஆல்சென்ட் என்ற பெயர்களில் 2010 முதல் 2013 வரை விற்ற வயர்களைத் திரும்பப் பெறுவதாக 2014 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 40,000 வீடுகளிலும் கடைகளிலும் அவை ஓடிக்கொண்டிருந்தன என்பது அந்நாட்டு நுகர்வோர் ஆணையத்தின் கணக்கு.

குறை மேலே போர்த்திய பிளாஸ்டிக்கில். தரக்குறைவான அந்த உறை, காலத்துக்கு முன்பே மூப்படைந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். யாராவது அசைத்தால் விண்டுவிடும். உள்ளே மின்சாரம் ஓடும் கம்பி வெளியே தெரியும். அப்புறம் ஷாக் அடிக்கலாம், தீப்பிடிக்கலாம். பொருத்திய அன்று விளக்கு பளிச்சென்று எரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெப்பம் அதிகமுள்ள இடங்களில் 2016 முதலே உறை கெடத் தொடங்கலாம் என்று சோதனைகள் காட்டின. கோடையில் ஆஸ்திரேலிய வீட்டுக் கூரையடியில் எப்படிக் கொதிக்கும் என்பதை அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்களிடம் கேட்டால் தெரியும். நீங்களே மேலே ஏறிப் பார்க்காதீர்கள், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று ஆணையம் எச்சரித்ததும் அசைத்தால் உறை விண்டுவிடும் என்பதால்தான்.

வயரைத் தந்த நிறுவனம் திவாலாகிவிட்டது. செலவு, விற்ற கடைகளின் தலையில் விழுந்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வயரை வாங்கியவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் அல்லர், எலக்ட்ரீஷியன். கடைக்கு எலக்ட்ரீஷியனைத் தெரியும். எந்தச் சுருள் எந்த வீட்டுக்குப் போனது என்பது எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும், அதுவும் ஞாபகம் இருந்தால். இடையில் வீடு கைமாறியிருந்தால்? பத்திரிகையில் எத்தனை பெரிய விளம்பரம் வந்தாலும், தன் வீட்டு வயரின் பெயரே தெரியாதவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊரில் பெரும்பாலும் பைப்புக்குள் வயரை இழுக்கிறோம். ஆகவே பழைய வயரை உருவிவிட்டுப் புதியதைக் கோக்கலாம். அங்கே பலகைச் சுவர்களின் இடுக்கில் அப்படியே ஓடுவதால் வேலை பெரிது. ஆனால் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்ப்பதோடு நம் அக்கறையும் முடிந்துவிடுகிறது. சுருள் வந்த அட்டைப்பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அந்தப் பெட்டியின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். பில்லை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். டி.பி. பாக்ஸ் (மெயின் சுவிட்சுப் பெட்டி) மூடியின் உட்புறம் வயரின் பெயர், பொருத்திய வருடம், எலக்ட்ரீஷியனின் போன் நம்பர் மூன்றையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்