9 எழுத்தா, 16 எழுத்தா?



கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் படிக்காமல் லைக் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். இது உங்களுக்குத்தான்.

எங்கள் தெருவில் மீனாட்சிசுந்தரம் அண்ணன் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். ஒரு சான்றிதழுக்காக இணையத்தில் விண்ணப்பம் போட்டார். பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘15 எழுத்துகளுக்குள்’ என்று போட்டிருந்தது. சான்றிதழ் வந்தது. அதில் அவர் பெயர் ‘மீனாட்சிசுந்தரம’. கடைசி ‘ம்’முக்குப் புள்ளி இல்லை. இன்னொரு அலுவலகத்தில் அதை நீட்டினால், “ஆதார்ல புள்ளி இருக்கு, இதுல இல்லையே, பெயர் ஒத்துப்போகலை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நடை நடந்தார். “நான் சரியாத்தான் அடிச்சேன் டீச்சர், அந்தப் புள்ளி மட்டும் விழவே மாட்டேங்குது” என்றார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். 9 எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் 9 என்றுதான் சொல்லும். 15 எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டு 9 எழுத்துப் பெயரை எப்படி வெட்ட முடியும்?

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். யூனிகோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் இருப்பது 72 குறியீடுகள். நம் 247 எழுத்தும் அவற்றைச் சேர்த்துத்தான் எழுதப்படுகின்றன. ‘சி’ என்றால் ச ஒரு குறியீடு, இகரக் குறி இன்னொன்று. ‘ம்’ என்றால் ம ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் மீனாட்சிசுந்தரம் 16. படிவம் 15-இல் நிறுத்தியது. பதினாறாவதாக நின்ற புள்ளி வெளியே போனது. நம் ஊர் நாகமலை புதுக்கோட்டையும் அப்படித்தான். நமக்கு 10 எழுத்து, நடுவே ஓர் இடைவெளி. அதற்கு 19.

இதுவரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. இயந்திரத்துக்குத் தெரியாது, பாவம் என்று நினைத்தேன். அடுத்து அவன் சொன்னதில்தான் கோபம் வந்தது. இயந்திரத்துக்குத் தெரியுமாம்!

மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் என்கிற கட்டமைப்பில் முழு எழுத்தாக எண்ணும் வசதி பல வருஷமாக இருக்கிறது. ‘ஸ்ட்ரிங்இன்ஃபோ’ என்று பெயர். 2020 நவம்பரில் வந்த டாட் நெட் 5-இல், யூனிகோட் அமைப்பு எழுதி வைத்த எழுத்துப் பிரிப்பு விதிக்கு முழுதும் இணங்கும்படி அதைத் திருத்தியும் விட்டார்கள். உலாவிகளுக்கு ‘செக்மென்ட்டர்’ என்று ஒன்று உண்டு. குரோமில் 2020-இலேயே வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல் வந்தது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியிலோ தனியாக எதையும் கேட்கவே வேண்டாம். எண்ணச் சொன்னால் ‘சி’ 1 என்றே சொல்லும்.

ஆக, சாமான் கையில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் டாட் நெட்டின் புதுப் பதிப்பு வருகிறது. 2025 நவம்பரில் 10 வந்தது, கூடவே சி ஷார்ப் 14. உங்களில் எத்தனை பேர் அதைக் கொண்டாடிப் பதிவு போட்டீர்கள்! திட்டக் கோப்பே இல்லாமல் ஒற்றைக் கோப்பை ஓட்டலாமாம், வேகம் கூடியிருக்கிறதாம், 3 வருஷம் ஆதரவு உண்டாம். சந்தோஷம். ஆனால் டாட் நெட் 5-இல் வந்ததையே இன்னும் தொடாமல், 10-இல் வந்ததற்கு எதற்கப்பா மேளம்? பழைய பாடத்தை முடிக்காமல் புதுப் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பையன்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் சிலர்தான் இப்போது சீனியர் டெவலப்பர்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும்.

“டேட்டாபேஸில் இடம் கணக்குப் பார்க்கணும் டீச்சர்.” பாருங்கள். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். அண்ணன் பெயர் மொத்தம் 48 பைட். நீங்கள் தினமும் அனுப்புகிற ‘இனிய காலை வணக்கம்’ படம் ஒன்றின் இடத்தில் இப்படி ஆயிரம் பெயரை வைக்கலாம். சேமிக்கும் அளவு உங்கள் கணக்கு, அதைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மக்களிடம் ‘15 எழுத்து’ என்று சொன்னால் அது எழுத்தாக இருக்க வேண்டும்.

“யூனிகோடே தமிழுக்குத் தப்பு.” இதைச் சொல்பவர்கள் தமிழ்ப் பற்றாளர்கள், எனக்கு மரியாதை உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தருகிற டேஸ் 16 இருக்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. ஆனாலும் உலகம் முழுக்க ஓடுவது யூனிகோட்தான். அதை வைத்துக்கொண்டே சரியாக எண்ண வழி இருக்கும்போது, அடித்தளத்தைக் குறை சொல்லிக்கொண்டு கூரையை ஒழுகவிடலாமா? அந்த வழியிலும் ஒரு குறை உண்டு, ‘க்ஷ’வை 2 என்றுதான் எண்ணும். அதற்காக மற்ற எல்லாவற்றையும் தப்பாக எண்ண வேண்டியதில்லை.

“இங்கிலீஷில் நிரப்பச் சொல்லுங்க.” இந்தப் பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கைபேசியில் அப்பா, அம்மா, 2 குழந்தைகள் சேர்ந்து நிற்கும் ஒரு சின்னப் படம் உண்டே, அது 7 குறியீடுகளைக் கோத்தது. அதன் கடைசிக் குழந்தை வெட்டுப்பட்டால் உடனே பிழை என்று பதிவு செய்து அன்றைக்கே திருத்துவீர்கள். ஒரு பெரியவர் பெயரில் புள்ளி போனால் மட்டும் அவர் இங்கிலீஷுக்குப் போக வேண்டுமா?

புள்ளி சின்ன விஷயம் இல்லை. மெய்க்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். ஆசிரியர் பயிற்சியில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும், உங்கள் சிலேட்டில் நான் சிவப்பு சாக்பீஸால் திருத்தியதும் அதைத்தான். ‘அம்மா’வுக்குப் புள்ளி வைக்காமல் வந்தவனை நான் உட்காரவிட்டதில்லை.

வடபழஞ்சி எல்காட் பூங்காவில் இருந்தாலும், பெங்களூரில் இருந்தாலும், அமெரிக்காவில் இருந்தாலும் எனக்காக ஒரு வீட்டுப்பாடம் செய்யுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், நீங்கள் எழுதிய படிவத்தின் பெயர்க் கட்டத்தில் ‘மீனாட்சிசுந்தரம்’ என்று அடியுங்கள். 9 என்று எண்ணுகிறதா, 16 என்று எண்ணுகிறதா பாருங்கள். 16 என்றால் திருத்துங்கள். திருத்த அதிகாரம் இல்லையென்றால், இருப்பவரிடம் எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். செய்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அண்ணனிடம் படித்துக் காட்டுகிறேன்.

அவர் நாளைக்கு நாலாவது நடை போகிறார். ஒரு புள்ளிக்காக.