கடலோரம் யாருக்கு?

மலாக்கா, பண்டார் ஹிலிரில் எஞ்சி நிற்கும் அ ஃபமோசா கோட்டை வாயிலைக் காண வரும் மாணவர்கள், “கடல் எங்கே?” என்று கேட்பது இயல்பு. 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கடலையொட்டித்தான் அக்கோட்டையை எழுப்பினர். இன்றோ வாயிலுக்கும் கடலுக்கும் நடுவே, கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் கடைவீடுகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. 1956 பிப்ரவரி 20-இல் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்த திடல்கூட இன்று ஒரு பேரங்காடி வளாகத்தின் பகுதியாகிவிட்டது.

பினாங்கும் சிங்கப்பூரும் தலையெடுத்தபின் மலாக்காத் துறைமுகம் மங்கியது. ஆற்றுமுகத்தில் வண்டல் சேர்ந்தது. நலிந்த கடலோரத்திற்குப் புத்துயிரூட்ட வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. அதற்கு நல்ல சான்றும் மலாக்காவிலேயே உண்டு. ஒரு காலத்தில் நாற்றத்தால் மக்கள் ஒதுங்கிப்போன மலாக்கா ஆற்றின் கரையில் இன்று நடைபாதை இருக்கிறது; படகுகள் ஓடுகின்றன. கரையிலுள்ள கம்போங் மோர்த்தேன் மலாய்க் கிராமம் அகற்றப்படாமல் அங்கேயே இருக்கிறது. சுவர் ஓவியங்களைவிட இதுவே பாராட்டத்தக்கது.

ஆனால், அழகு கூடும்போது வாடகையும் கூடும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 முதல் வாடகை சந்தை விலைக்கு உயர்ந்தது. பழைய நகரின் கடைவீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களும் கைவினைஞர்களும் பலர் வெளியேறினர். 2008-இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, அவற்றுக்குள் வாழ்ந்தோரைக் காக்க எந்தப் பட்டியலும் இல்லை.

உஜோங் பாசீர் போர்த்துகீசியக் குடியிருப்பின் கவலையும் இதுதான். 1930-களில் உருவான அக்குடியிருப்பின் மீனவர்கள், கரையோர ஆழமற்ற நீரில் கெராகாவ் எனும் சின்னஞ்சிறு இறாலைப் பிடித்துச் சிஞ்சாலோக் செய்வார்கள். கரை தூர்ந்தால் அந்த இறாலும் இல்லை. 2014-இல் தொடங்கப்பட்ட மலாக்கா கேட்வே திட்டம், தூர்த்த தீவுகளில் வீடுகள், கடைகள், ஆழ்கடல் துறைமுகம் எனப் பெருங்கனவு கண்டது. மதிப்பு 43 பில்லியன் ரிங்கிட் எனப்பட்டது. 2020 நவம்பரில் மாநில அரசு அதன் உடன்பாட்டை ரத்து செய்தது. உடன்பாடு ரத்தானாலும், கொட்டிய மண் திரும்பப் போவதில்லை.

கடலைத் தூர்க்க ஆகும் செலவை ஈடுகட்ட விலையுயர்ந்த வீடுகளைத்தான் கட்ட முடியும் என்பார்கள் மேம்பாட்டாளர்கள். கணக்கு சரிதான். ஆனால், கரையோர நிலம் மாநிலத்தின் சொத்து, அதாவது மக்களின் சொத்து. அதைக் கொடுக்கும்போதே நிபந்தனை விதிக்கலாம். கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இந்தப் பாடம் தோட்டத் தமிழருக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது, லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தோர் பலருக்கு அங்கே எழுந்த புது வீட்டை வாங்க வசதியில்லை. மரம் சீவிய மண்ணிலேயே அவர்கள் அந்நியரானார்கள். சுல்தான்கள் காலத்திலேயே தமிழ் வணிகரின் கப்பல்களைக் கவனிக்க ஒரு ஷாபந்தர் இருந்த துறைமுகம் இது. அவ்வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கின்றனர். அங்கும் சுற்றிலும் உயர்மாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே, அடுத்த கடலோரத் திட்டத்தின் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியவை சில உண்டு: உஜோங் பாசீர் மீனவரின் படகு கடலுக்குப் போக ஒரு வழி, உள்ளூர் இளையோர் வாங்கக்கூடிய விலையில் வீடுகள், ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ பேருந்தில் வரும் குடும்பம் கட்டணமின்றி அமர்ந்து அலை பார்க்க ஒரு நீண்ட கரை. உயர்மாடிகளை அதன்பிறகு வரையலாம்.