ஒட்டுவதா, அடிப்பதா?

திருகோணமலையில் 'தாங்கி' என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்தான். பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனதில் இன்னும் 99 நிற்கின்றன. நாங்கள் பேசப் போவது மற்றத் தாங்கியை, யுத்தத் தாங்கியை. அதுவும் ஒரு பென்சில் நீளம்கூட வராத பிளாஸ்டிக் மாதிரியை. 1/35 அளவில் ஒரு ஷேர்மன் தாங்கி அவ்வளவுதான் வரும்.

எங்களில் நாலு பேருக்கு இந்தப் பைத்தியம் இருக்கிறது. முதல் தாங்கியைச் செய்து முடித்து மேசையில் வைத்த அன்று, எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வந்து பார்த்தா. சிரிக்கவில்லை. "இது ஆர்ட தாங்கி?" என்று மட்டும் கேட்டா. நாங்கள் ஆளையாள் பார்த்தோம். பெட்டிக்குள் வந்த ஸ்டிக்கரை, தாளில் காட்டியிருந்த இடத்தில் ஒட்டியிருந்தோம். ஒரு வெள்ளை நட்சத்திரம், ஒரு இலக்கம், இரண்டு எழுத்து. எந்தப் படை, எந்த வருஷம், ஒன்றும் தெரியாது.

அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு ஒரு கொள்கை வந்தது: தாங்கியின் குறிகளை ஒட்டக் கூடாது, மாஸ்க் வைத்து அடிக்க வேணும்.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற காரணம். பெட்டிக்குள் வருவது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்குகிற மெல்லிய படலம். மினுக்கம் இல்லாத பெயின்ற்றுக்கு மேல் அதை வைத்தால், அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். ஆணித்தலை, வெல்டிங் தழும்பு இருக்கிற இடத்தில் சரியாகப் படியாது. உண்மையான தாங்கிகளில் அச்சு வெட்டி வைத்தோ, கையாலோ பெயின்ற்தான் அடித்தார்கள். கொட்பேயில் படகுகளில் எழுதியிருக்கிற இலக்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பெயின்ற் படகோடு சேர்ந்து வெளிறும், படகோடு சேர்ந்து உரியும்.

செய்கிற விதம் பெரிய வித்தை இல்லை. அரை மீற்றர் அகல நட்சத்திரம் 1/35 இல் சுமார் 14 மில்லிமீற்றர். த்ரீவீலுக்கு எழுத்து வெட்டுகிற ஸ்டிக்கர் கடை மெஷினே அதை வெட்டித் தரும். ஆனால் அந்த ஸ்டிக்கரில் பசை கூட. நேரே ஒட்டினால் கழட்டும்போது கீழ்ப் பெயின்ற்றையும் கொண்டு வந்துவிடும். அதனால் சட்டையில் நாலைந்து தரம் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைக்க வேணும். கீழ்ப் பெயின்ற்றையும் ஒரு நாள் முழுசாகக் காய விட வேணும்.

மாஸ்க்கை ஒட்டி, ஓரங்களைப் பல்குத்தியால் அழுத்தினதும் வெள்ளைக்குப் பாயக் கூடாது. முதலில் தாங்கியின் அதே பச்சையை ஒரு தரம் மெல்லிசாக அடிக்க வேணும். எங்கேயாவது இடைவெளி இருந்தால் பச்சைதான் உள்ளே கசியும். பச்சைக்கு மேல் பச்சை தெரியாது, இடைவெளியும் அடைபட்டுவிடும். பிறகு வெள்ளை. காற்றழுத்தத்தைக் குறைத்து, எயார்பிரஷ்ஷை நேர் மேலே பிடித்து, மெல்லிய பூச்சாக மூன்று நாலு தரம். ஒரே அடியாக நனைத்தால் ஓரத்தில் வரம்பு கட்டிவிடும். வெள்ளை நன்றாக இறுக முதல், மாஸ்க்கைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரிக்க வேணும்.

"எயார்பிரஷ், கொம்பிரசர் எல்லாம் ஆர் வாங்கிறது?" என்று கேட்பீர்கள். நாங்கள் நாலு பேர் காசு போட்டு ஒன்றுதான் வைத்திருக்கிறோம். அது இல்லாவிட்டால் அதே மாஸ்க்கின் மேல், பெயின்ற் அரைவாசி காய்ந்த ஸ்பொஞ்சுத் துண்டால் ஒற்றி எடுக்கலாம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேணும்: இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த எழுத்துக்கு மாஸ்க் சரிவராது. அதுக்கு ஸ்டிக்கர்தான்.

ஆனால் எங்கள் உண்மையான வாதம் இது இல்லை. ஸ்டிக்கர் எங்களிடம் எதுவும் கேட்காது. மாஸ்க் கேட்கும். வெட்ட முதல் அளவு வேணும், வடிவம் வேணும், எந்த இடத்தில் என்று தெரிய வேணும். அதைத் தேடப் போனால் கதையும் சேர்ந்து வரும். அந்த வெள்ளை நட்சத்திரம் எதிரியின் பீரங்கிக்காரனுக்கு நல்ல குறியிலக்காக இருந்ததால், தாங்கிக்குள் இருந்தவர்களே அதைச் சேறு பூசி மறைத்திருக்கிறார்கள். ஒட்டினபோது எங்களுக்கு அது வடிவான நட்சத்திரம். தேடின பிறகு, யாரோ பயந்து மறைத்த இடம்.

எங்கட ஊரிலேயே இதுக்கு ஒரு கதை இருக்கிறது, தாங்கியில் இல்லை, விமானத்தில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. சீனக்குடாவில் இருந்து 261 ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் எழும்பின. ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம். பிரித்தானிய விமானத்தின் வட்டக் குறிக்கு நடுவிலும் சிவப்பு. ஒரு செக்கனில் பார்த்துச் சுடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தக் குழப்பத்துக்காகவே பிறகு இந்தப் பக்கப் போர்முனைகளில் பிரித்தானியர் நடுச் சிவப்பை எடுத்தார்கள். அமெரிக்கரும் 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டை நீக்கினார்கள். ஒரு பொட்டு நிறத்தில் ஆள் சாகலாம் என்று தெரிந்தால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட மனம் வராது.

"விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு யோசிக்கோணுமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். யுத்தத் தாங்கியே செய்யக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரோடும் நாங்கள் உடன்படவில்லை. செய்யலாம். ஆனால் "இது ஆர்ட?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேணும். 2009 இல் முடிந்த யுத்தத்தின் தாங்கிக்கு, எந்தப் பக்கத்துக் குறியையும் நாங்கள் இப்போதைக்கு வெட்டப் போவதில்லை. தடை என்று இல்லை. அதைக் கண்ணால் கண்டவர்கள் அடுத்த அறையில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டால் சொல்ல எங்களிடம் இன்னும் பதில் இல்லை.

இரண்டாவது ஷேர்மனுக்கு நட்சத்திரத்தை அடித்துத்தான் போட்டோம். அம்மம்மா திரும்ப வந்து அதே கேள்வியைக் கேட்டா. இந்த முறை சொன்னோம்: ஆருடைய தாங்கி, எந்தச் சண்டை, ஏன் நட்சத்திரத்தில் அரைவாசியைச் சேறு மூடியிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "சரி, தூசி படாம வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா.