குளம்பியும் குருதியும்

காப்பியைக் குளம்பி எனச் சொல்லப் பழகிக்கொண்டோம். அதனை எப்பொழுது பருகுதல் வேண்டும் என்பதை இன்னும் பழகிக்கொண்டோமில்லை. வைகறையில் வெறுவயிற்றில் ஒன்று, காலை இட்டலியொடு ஒன்று, நண்பகல் உணவின் பின்னர் ஒன்று, அந்திக்கு ஒன்று, விருந்தினர் வந்தால் அவர் பெயரால் மற்றுமொன்று என நம் இல்லங்களில் அது நாள்முழுதும் ஆட்சி செய்கின்றது. அவ்வாட்சி நம் உடலுக்கு நன்றா தீதா என்பதை அறிவு கொண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குளம்பியை நஞ்சென்று பழிப்பார் உளர். அது பொருந்தாது. அது சிறுநீர்ப்பைப் புற்றுக்கு வழிகோலக் கூடும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1991-இல் ஐயுற்றது. பின்வந்த ஆய்வுகளை நோக்கி 2016-இல் அவ்வையத்தைக் கைவிட்டது. ஆயின், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் எந்நீரும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு இடந்தரக்கூடும் என அப்பொழுதே எச்சரித்தது. சூடு தணித்துப் பருகுவார்க்கு அவ்வச்சம் இல்லை.

நஞ்சன்று என்பதனாலேயே அஃது எந்நேரத்தும் நன்றாகிவிடாது. கீரையினும் பயற்றினும் கேழ்வரகினும் உள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. குளம்பியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு, குருதியிற் சேராவண்ணம் தடுத்துவிடுகின்றன. உண்டவுடன் பருகும் ஒரு குவளை, உண்ட கீரையின் பயனைப் பெரிதும் குறைத்துவிடும் என்க.

இவ்விழப்பு யாரைத் தாக்குகின்றது? 2019–21-ஆம் ஆண்டுகளின் குடும்ப நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். வீட்டார் அனைவர்க்கும் பரிமாறிவிட்டுத் தம் பசியை ஒரு குவளைக் குளம்பியால் அடக்கிக் கொள்வோரும், பின்னர் உண்டதும் மீண்டும் ஒரு குவளை பருகுவோரும் நம் தாய்மாரே அல்லரோ? குறைந்த குருதியை மேலும் குறைக்கும் இப்பழக்கத்தை விருந்தோம்பல் என்றும் வழக்கம் என்றும் சொல்லி மறைத்தல் தகுமோ?

உறக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். குளம்பியிலுள்ள காபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் என்னும் பொருளின் இடத்தை மறித்து, அதனை மறைக்கவே செய்கின்றது. பருகி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் அதிற் பாதி உடலில் எஞ்சியிருக்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இரவில் குளம்பி கொடுப்பது, மறுநாளைய தெளிவை முன்கூட்டியே கடன் வாங்குவதாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதன் ஊட்டவியல் நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகள், நாளொன்றுக்குக் காபீன் 300 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்கின்றன. வடித்த குளம்பி 150 மில்லிலிட்டரில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை உண்டு. எனவே, மூன்று குவளையிலேயே எல்லை வந்துவிடுகின்றது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் குளம்பியையும் தேநீரையும் தவிர்க்கவும் அவை அறிவுறுத்துகின்றன. கருவுற்ற மகளிர்க்கு 200 மில்லிகிராமே எல்லை என ஐரோப்பிய உணவுக் காப்பு ஆணையம் 2015-இல் வரையறுத்தது.

எனவே, தமிழன்பர்களே! குளம்பியை இல்லத்தினின்று விலக்க வேண்டா, உண்கலத்தினின்று விலக்குங்கள். அந்திக்குப்பின் அடுப்பில் ஏற்றாதிருங்கள். உணவோடு நெல்லியோ எலுமிச்சையோ சேருமாயின் இரும்பு எளிதில் குருதியிற் சேரும். இம்மாற்றத்திற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. ஒரு மணி நேரப் பொறுமையே போதும். அப்பொறுமையை நம் பெண்டிரின் நலத்திற்காக இன்றே தொடங்குவோமாக!