ஊறலும் சாராயமும் ஒன்றா?

கல்வராயன் மலையிலிருந்து வரும் மதுவிலக்குச் செய்திகள் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். ஓடையோரப் புதரில் பதுக்கிவைத்த பிளாஸ்டிக் பேரல்களைப் போலீஸார் கண்டுபிடிப்பார்கள். ஆயிரம் லிட்டரோ இரண்டாயிரம் லிட்டரோ ஊறல் அங்கேயே கவிழ்த்துக் கொட்டப்படும். மறுநாள் நாளிதழில் படம் வரும். அந்தப் பேரலுக்குள் இருப்பது வெல்லக் கரைசல். அதில் வேலம்பட்டையும் கடுக்காயும் ஊறிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அது நுரைத்துப் பொங்கி, இனிப்பு அடங்கி, புளிப்பும் துவர்ப்பும் ஏறும். அதுவரை அது நொதித்த நீர்தான். போதையின் அளவும் ஏறக்குறைய கள்ளோடு ஒப்பிடத்தக்கது. அடுப்பேற்றிக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த பிறகுதான் அது சாராயம். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கண்ணுக்கோ கள், ஊறல், சாராயம் எல்லாமே மது. அனுமதி இல்லாவிட்டால் எல்லாமே குற்றம். நொதிக்கவைத்ததையும் காய்ச்சி வடித்ததையும் பிரித்துப் பார்க்க மறுக்கும் இந்தப் பார்வைதான் ஏழைக் குடியர்களை மென்மையான பானத்திலிருந்து விலக்கிக் கடுஞ்சரக்கின் பக்கமும், அதுவும் எட்டாதபோது விஷத்தின் பக்கமும் தள்ளியிருக்கிறது என்பது என் வாதம்.

நொதித்த வட்டாரப் பானத்தைச் சட்டம் தனியே பார்க்க முடியும் என்பதற்கு வெளிநாட்டில் ஒரு சான்று இருக்கிறது. ஜெர்மனியில் கோஸ்லார் என்ற சுரங்க நகரத்தில் பிறந்து, பிறகு லைப்சிக் நகரத்தின் அடையாளமாகிப்போன பீர் ஒன்று உண்டு. கோஸ்லாரில் ஓடும் ஆற்றின் பெயரால் அதை ‘கோசே’ என்கிறார்கள். கோதுமை மால்ட்டும் பார்லி மால்ட்டும் சேர்த்து, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு, லாக்டிக் பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைப்பது. மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் முதிரவைத்தால் மரத்தின் துவர்ப்பும் இறங்கும். வாயில் வைத்ததும் புளிப்பு முந்தும், நாக்கின் ஓரத்தில் உப்பு தட்டும், விழுங்கியபின் லேசான துவர்ப்பு நிற்கும். நம் வீடுகளில் இரவெல்லாம் புளித்து, காலையில் உப்புப் போட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழின் புளிப்பும் இதே வகைப் பாக்டீரியாவின் வேலைதான். கோசேயின் போதை அளவு பொதுவாக 4 முதல் 5 சதவீதம். 1966-ல் இதைச் செய்த கடைசி ஆலையும் நின்றுபோய், பானமே வழக்கொழிந்தது. 1980-களில் லைப்சிக்காரர்கள் சிலர் மீட்டெடுத்தார்கள். இன்று உலகெங்கும் சிறு ஆலைகள் அதைச் செய்கின்றன. பீரில் என்னென்ன சேரலாம் என்பதில் ஜெர்மனிக்கு 1516-ல் தொடங்கிய கறாரான சட்ட மரபு இருக்கிறது. உப்பும் மல்லியும் அதற்கு ஆகாதவை. ஆனாலும் வட்டாரப் பானம் என்பதற்காக கோசேக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கறாரான சட்டத்துக்கும் வட்டாரத்தை மதிக்கத் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அவர்களைக் கொன்றது மெத்தனால். வெல்லத்தையோ தானியத்தையோ ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். அது ஆளைக் கொல்லாது. கருணாபுரத்துக்கு வந்தது ஆலைகளுக்கான ரசாயனம். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் பார்வை போகிறது, பிறகு உயிர். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனதும் இதே மெத்தனால்தான். அதைக் கட்டுப்படுத்த 1959-லிருந்தே தனி விதிகள் இருக்கின்றன. இருந்தும், கருணாபுரத்துச் சாவுக்குப் பிறகு வேட்டை மறுபடியும் மலைப் பேரல்கள்மீது பாய்ந்தது. மலையில் காய்ச்சுகிறவர்கள் நிரபராதிகள் என்று சொல்லவில்லை. அவர்களில் பெரிய வியாபாரிகளும் உண்டு. ஆனால், கொன்ற சரக்கும் கொட்டிய சரக்கும் வேறு வேறு.

நம் அரசு விற்பது எதை என்றும் பார்க்க வேண்டும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். 2024-25-ல் அதன் வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே கூலித் தொழிலாளி வாங்குவது பெரும்பாலும் குவார்ட்டர். 180 மில்லியில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். ஒரு லிட்டர் கள் 5 சதவீதம் என்று வைத்தாலும் 50 மில்லிதான்; அதுவும் ஒரு லிட்டரைக் குடித்து முடிக்க நேரம் பிடிக்கும், வயிறும் இடம் கொடுக்க வேண்டும். குவார்ட்டரோ பார் வாசலில் நின்றபடியே இரண்டு மடக்கில் முடிந்துவிடும். மென்மையானதைத் தடைசெய்துவிட்டுக் கடுமையானதை அரசே விற்கும் கொள்கைக்கு மதுவிலக்கு என்று பெயர் சூட்டியிருக்கும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

உடம்பு நோக உழைப்பவனுக்குப் புளித்த பானம் போதாது என்பார்கள். 2024 ஜூன் இறுதியில், மதுவிலக்குச் சட்டத் திருத்த விவாதத்தின்போது, டாஸ்மாக் சரக்கில் ‘கிக்’ போதாமல்தான் உழைப்பாளிகள் கள்ளச்சாராயத்தைத் தேடுகிறார்கள் என்ற பொருளில் அமைச்சர் துரைமுருகன் சட்டமன்றத்திலேயே பேசினார். அது உண்மையாகவே இருக்கட்டும்; அந்த நாக்கை யார் பழக்கியது? கள்ளை ஒழித்துவிட்டு 42.8 சதவீதத்தைக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் ஊற்றிக்கொடுத்த பிறகு, அதுவும் போதவில்லை என்று கேட்கும் தலைமுறைதான் வரும். மென்மையான பானம் வந்த மறுநாளே குவார்ட்டர்காரர் திருந்திவிடுவார் என்று நானும் நம்பவில்லை. இனிமேல் குடிக்கத் தொடங்குகிறவருக்காவது வேறு வழி இருக்க வேண்டும்.

கள்ளை அனுமதித்தால் கலப்படம் வராதா என்பது இதைவிட வலுவான கேள்வி. வரும். 2025 ஜூலையில் ஹைதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள்; அங்கே கள் சட்டப்படி விற்பது. ஆகவே தடையை மட்டும் நீக்கிவிட்டால் போதாது. குறைந்த அளவு உற்பத்தி, அன்றன்றைக்கு விற்பனை, அடிக்கடி பரிசோதனை, வெளியூர் கொண்டுபோகத் தடை என்று கட்ட வேண்டும். அனுமதி பெற்று வெளிச்சத்தில் செய்கிறவரைச் சோதிப்பது, புதருக்குள் செய்கிறவரைத் தேடுவதைவிட எளிது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை மறுக்க மாட்டேன். முழு மதுவிலக்கைக் கேட்பவர்களோடு எனக்குப் பகையும் இல்லை. ஆனால் 48,000 கோடியை விட்டுவிட ஆட்சிக்கு வரும் எந்தக் கட்சியும் தயாரில்லாத ஊரில், எது குறைந்த தீங்கு என்றுதான் கேட்க முடியும்.

பெண்கள் என்ன சொல்வார்கள்? 2017-ல் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் தெருவுக்கு வந்தது டாஸ்மாக் கடையை எதிர்த்து. அந்தக் கடை வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடம் யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை. ஊரைக் கேட்பதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ம் ஆண்டு பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், போதைப் பொருட்களைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ உள்ளூர் சபைகளுக்கு அதிகாரம் தருகிறது. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்குத்தான் அது பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. அதனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1970-களில்தான் விடுபட்ட மலை அது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அங்குள்ள சாலை, மருத்துவம், பள்ளி எல்லாவற்றையும் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அதே மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைகின்றன. உள்ளூர் விளைச்சலில் செய்யும் மதுவுக்கு வேறு மாநிலங்களில் மதிப்பு கிடைத்திருக்கிறது. அசாமின் திமாசா மக்கள் செய்யும் ‘ஜுதிமா’ அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலுப்பைப் பூ மதுவை மத்தியப் பிரதேசம் பாரம்பரிய மதுவாக அங்கீகரித்துப் பழங்குடிக் குழுக்களிடம் கொடுத்திருக்கிறது. சாமையில் செய்யும் புளிப்புப் பானம் ஒன்றுக்குக் கல்வராயன் மலையில் அனுமதி கொடுத்தால் வானம் இடிந்து விழாது.

எனவே, அரசிடம் கேட்பது இரண்டுதான். 1937 சட்டத்தில், ஆல்கஹால் அளவு 5 சதவீதத்துக்குள் இருக்கும் கள்ளையும் தானியப் பானங்களையும் காய்ச்சி வடித்த சரக்கிலிருந்து தனியே பிரியுங்கள். அவை ஓர் ஊரில் விற்கப்படலாமா என்பதை, பாதிப் பேராவது பெண்களாக இருக்கும் கிராம சபை முடிவு செய்யட்டும். அந்த ஊரில் டாஸ்மாக் கடை இருக்கலாமா என்பதையும் அதே சபை, அதே நாளில் முடிவு செய்யட்டும்.