பாட்டில் படகாகுமா?

பயணத்தில் வாங்கிய குடிநீர் பாட்டில் காலியானதும் எறிந்துவிடுகிறீர்களா? அதற்குமுன் ஒரு நொடி அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். முக்கோணக் குறிக்குள் 1 என்ற எண் இருக்கும். 'பெட்' என்னும் பிளாஸ்டிக்கின் அடையாளம் அது. 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இருவர் துணி நெய்யும் இழைக்காக இதனைக் கண்டறிந்தனர். பெட் பாட்டிலுக்கு 1973இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

பெட் என்பது இருவகைச் சிறு மூலக்கூறுகள் மாறி மாறிக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும். பழைய பாட்டிலை உருக்கி மீண்டும் வார்க்கலாம். ஆனால் உருக்குந்தோறும் சங்கிலி ஆங்காங்கே அறுந்து வலுவிழக்கும். ஆகவே, சங்கிலியை முழுமையாக அறுத்துப் புதுப்பொருளாகக் கோக்கும் வழியை வேதியியலார் கண்டனர்.

கழுவி உலர்த்திய பாட்டில்களைச் சிறு துண்டுகளாக்கி, கிளைக்கால் என்னும் திரவத்துடன் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் காய்ச்சுவர். வினையை விரைவுபடுத்தச் சிறிது துத்தநாக அசிட்டேட் சேர்ப்பர். நீண்ட சங்கிலி சிறு துணுக்குகளாக உடையும். அவற்றுடன் மலேயிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து வினைபுரியச் செய்து, ஸ்டைரீனில் கரைத்தால் பாலியெஸ்டர் பிசின் கிடைக்கும். கண்ணாடி இழைகளின்மேல் இப்பிசினைப் பூசி இறுகவிட்டால், நம் கடற்கரைகளில் காணும் ஃபைபர் படகும், வீட்டுக் கதவும் ஆகும்.

அப்படியானால் எவ்வளவு பாட்டிலையும் வாங்கி எறியலாமே என்று எண்ணிவிடாதீர்கள்! இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துங்கள். முதலாவது, 3 என்ற எண் கொண்ட பிவிசி சிறிதளவு கலந்தாலும், காய்ச்சும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்பட்டு முழுக் கொப்பரையும் கெடும். இரண்டாவது, இறுகிவிட்ட பிசினை மீண்டும் உருக்க இயலாது. அந்தப் படகு பழுதானால், அதுவும் ஒருநாள் குப்பையே. எனவே, இம்முறை குப்பையைப் பல்லாண்டு தள்ளிப்போடுகிறதேயன்றி ஒழித்துவிடுவதில்லை.

ஆலையின் வெற்றி நம் வீட்டு அடுக்களையிலேயே தொடங்குகிறது. உணவுக் கழிவோடு கலக்காமல், பாட்டிலைக் கழுவி உலர்த்தித் தனிப் பையில் சேர்த்து, பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுங்கள். அதனினும் மேலானது, பயணம் புறப்படுகையில் வீட்டுத் தண்ணீரை எவர்சில்வர் குடுவையில் நிரப்பி எடுத்துச் செல்வது. வாங்காத பாட்டிலைக் காய்ச்ச எந்த ஆலையும் வேண்டியதில்லை அல்லவா?